இருபது நிமிட பைக்

அப்பா விட்டுப்போன பைக் அது. டூ-ஸ்ட்ரோக், கிக்கர் மட்டும், செல்ஃப் கிடையாது. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓட முடியாது. இதுவும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. "போகப்போற வண்டிக்கு எதுக்குங்க இவ்வளவு செலவு?" என்று மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது. நான் பதில் சொல்லாமல் தட்டைக் கழுவப் போய்விடுவேன்.

காலையில் இரண்டாவது உதையில் கிளம்பிவிடும். ஈசூனிலிருந்து துவாஸுக்கு வேலைக்குப் போகும் வழியில், கிராஞ்சி விரைவுச்சாலையில், கிட்டத்தட்ட இருபது நிமிடம் ஆனதும் இரண்டு திக்கு திக்கும், அப்புறம் சத்தமே இருக்காது. முதல் தடவை சாலையோரம் தள்ளி நிறுத்தி, கிக்கரை உதைத்து உதைத்து சட்டை நனைந்ததுதான் மிச்சம். விரைவுச்சாலைகளைக் கண்காணிக்கும் இமாஸ் சேவையின் இழுவை வண்டி வந்து, காசு வாங்காமல், பக்கத்துக் கார்நிறுத்தத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. இறக்கியதும் ஒரு உதை உதைத்தேன். ஓடியது! இழுவை வண்டிக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

பட்டறைக்குக் கொண்டுபோனாலும் அங்கே அது நல்ல பிள்ளை. முதலில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ப்ளக்கை மாற்றினார்கள். அடுத்த வாரம் ப்ளக் கேப். அதற்கடுத்து ப்ளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில், கடைசியாக அந்தக் காயிலுக்கு மின்சாரத்தைச் சேர்த்து அனுப்பும் சிடிஐ பெட்டி. இருநூறு வெள்ளிக்கு மேல் போனது, இருபது நிமிடம் மட்டும் அப்படியே இருந்தது. அவர்களைக் குறை சொல்லவும் மனமில்லை. நான் தள்ளிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் எஞ்சின் ஆறிப்போய்விடும். ஆறிய வண்டியில் எல்லாமே சரியாகத்தானே இருக்கும்?

நானே பார்க்கலாம் என்று இறங்கினேன். முதல் சந்தேகம் பெட்ரோல். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால், ஓட ஓட டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. கொஞ்ச நேரம் நின்றால் மறுபடி இறங்கும். அறிகுறி அச்சு அசல் இதேதான். அடுத்த முறை நின்றபோது மூடியைத் திறந்துவிட்டு உதைத்தேன். பலனில்லை. மூடியைப் போட்டு இறுக்கிவிட்டு ப்ளக்கைக் கழற்றினால் முனை பெட்ரோலும் எண்ணெயுமாக ஈரமாக இருந்தது. ஆக, பெட்ரோல் வருகிறது, பற்றவைக்கத்தான் ஆளில்லை. ப்ளக்கைத் துடைத்து, கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பை சிலிண்டர் ஹெட்டில் நன்றாகப் படும்படி வைத்து உதைத்தேன். பொறியே இல்லை. (இதைச் செய்யும்போது கேப்பைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், ஷாக் கையை உதறவைக்கும். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கவும் கூடாது. ப்ளக்கை எங்கும் படாமல் தொங்கவிட்டு உதைத்தால் சிடிஐ கெட்டுப்போக வாய்ப்புண்டு.)

அடுத்து சாவி சுவிட்ச். இந்த மாதிரி வண்டிகளில் சாவியை அணைப்பது என்பது மின்சாரத்தைத் துண்டிப்பது அல்ல. சிடிஐயிலிருந்து வரும் ஒரு ஒயரை எர்த்தில், அதாவது வண்டியின் உலோக உடம்பில், தொடவைப்பது. சுவிட்சுக்குள் தண்ணீர் போனாலோ, ஒயர் எங்காவது தோல் உரிந்து வண்டியின் உலோகச் சட்டத்தில் உரசினாலோ, சாவி போட்டிருக்கும்போதே வண்டி அணைந்துவிடும். அந்த ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். அப்படியும் நின்றது. ஒயர் கழன்றிருந்தால் சாவியால் வண்டியை நிறுத்த முடியாது என்பதை, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியோடு வீட்டு புளோக்கின் கீழே வந்து நின்றபோதுதான் உணர்ந்தேன். கியரில் போட்டு பிரேக்கை மிதித்து கிளட்சை விட்டு அடக்கினேன்.

அப்பாவோடு கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியனாக இருந்த மாமாவிடம் கோப்பிக்கடையில் இதையெல்லாம் கொட்டினேன். பாலும் சீனியும் இல்லாத தே-ஓ கோசோங் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டவர், "எல்லாத்தையும் அளந்தியா, மாத்துனியா?" என்றார்.

"மாத்துனேன் மாமா."

"மேக்னெட்டுக்குள்ள ரெண்டு காயில் இருக்குமே, அத யாராச்சும் தொட்டாங்களா? சூட்டோட அளந்து பாருடா."

மேக்னெட் என்பது எஞ்சினோடு சுற்றும் காந்தச் சக்கரம். அதற்குள்ளே ஒரு காயில் சிடிஐக்கு மின்சாரம் கொடுக்கிறது. இன்னொன்று, பல்சர் காயில், சரியான நொடியில் 'இப்போ' என்று சைகை காட்டுகிறது. உடனே சிடிஐ சேர்த்துவைத்ததை இக்னிஷன் காயிலுக்குள் கொட்ட, ப்ளக்கில் பொறி. மேக்னெட்டைக் கழற்றினால்தான் இந்த இரண்டையும் மாற்ற முடியும், அதனால் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. அளப்பதற்கோ எதையும் கழற்ற வேண்டாம். சீட்டுக்கு அடியில் கனெக்டர் இருக்கிறது.

சிம் லிம் டவரில் ஒரு மல்டிமீட்டரும், ஒயர் நுனியில் மாட்டும் கிளிப்பும் வாங்கினேன். வீட்டில், ஆறிய வண்டியில் பல்சர் காயில் 212 ஓம். செப்புக் கம்பி ஒரு டிகிரி சூடேறினால் மின்தடை சுமார் 0.4 சதவீதம் கூடும். அறுபது டிகிரி கூடினால் 260 வரை போகலாம், அது இயல்பு. அதையும் தாண்டினால்தான் கோளாறு.

விரைவுச்சாலையில் நின்று அளப்பது பைத்தியக்காரத்தனம். ஞாயிறு இரவு லிம் சூ காங் பக்கம் போனேன். இருபது நிமிடம் தாண்டி நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக அது நின்றதற்குச் சந்தோஷப்பட்டேன். புல்லோரம் தள்ளி, சீட்டைத் தூக்கி, கைபேசி வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு கிளிப்பை மாட்டினேன். 258 என்று காட்டியது. ஒயரை லேசாக அசைத்ததும் 400, பிறகு 1100, பிறகு ஓஎல். அதாவது எண்ணே இல்லை, கம்பி அறுந்த கணக்கு. கொசு பிய்த்துத் தின்றது. கிளிப்பைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டாவது நிமிடம் திரையில் 240 எட்டிப் பார்த்து நிலைத்தது. கனெக்டரை மாட்டி உதைத்தேன், ஒரே உதை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜொகூர் பாருவில் ஒரு கடையில் காயில் கிடைத்தது. உபியில் நண்பன் வேலை செய்யும் பட்டறையில் புல்லர் என்ற இழுப்புக் கருவி போட்டு மேக்னெட்டை எடுத்தோம். காயில் தட்டைக் கழற்றும் முன் அது இருந்த இடத்தில் ஆணியால் ஒரு கோடு கிழித்தோம், இல்லையென்றால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், மாறிவிடும். மேக்னெட்டை நிலையில் நிறுத்தும் அரைவட்டக் கீ ஒன்று உருண்டு போய்விட, அதைத் தேடியே முக்கால் மணி நேரம். கழற்றி மாட்டியதற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை.

இரண்டு மாதமாகத் துவாஸ் வரை போய் வருகிறேன், எங்கும் நிற்கவில்லை. பழைய காயிலை மாமா கேட்டு வாங்கிக்கொண்டார். பேத்தியின் ஹேர் டிரையரை அதன் மேல் பிடித்து, மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எண் மெல்ல ஏறி, தடுமாறி, காணாமல் போனது. டிரையரை அணைத்தார்; கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. "இன்னொரு தடவை போடு தாத்தா" என்றாள் பேத்தி.