பிரிட்ஜுக்கு என்ன வயசுன்னு கேட்டா முழிச்சேன்

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரே மாசத்துல மூணு விஷயம் புட்டுக்கிச்சு. முதல் வாரம் பிரிட்ஜ், அடுத்த வாரம் கீசர், மாசக் கடைசில என் கடவாப்பல்லு. பட்ட காலிலேயே படும்னு சும்மாவா சொன்னாங்கன்னு பார்க்குறவங்ககிட்டல்லாம் புலம்பித் தள்ளினேன், நேரம் சரியில்லன்னு கூட சொன்னேன். இப்போ உக்காந்து யோசிச்சா வெக்கமா இருக்கு, ஏன்னா மூணுமே எனக்கு முன்கூட்டியே தெரிஞ்ச செலவு, தெரியாத மாதிரி இருந்துட்டேன்.

என்னைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். சொந்தக்காரங்க மத்தியில நான் சிக்கனக்காரன், பின்னாடி பேசும்போது கஞ்சன். ரெண்டுமே என்னைத்தான் சொல்றாங்கன்னு தெரியும், கண்டுக்கிறதில்ல. பத்து வருஷமா வரவு செலவு நோட்டு எழுதுறேன், ஒருநாள் கூட விட்டதில்ல, ஆள் இல்லாத ரூம்ல லைட் எரிஞ்சா தூக்கத்துல இருந்தாலும் எழுந்து போய் அணைப்பேன், துணி துவைக்க வாஷிங் மெஷின்ல சூடு போடவே விடமாட்டேன் (அந்த மெஷின் இழுக்குற கரண்ட்ல பெரும்பகுதி தண்ணி சூடு பண்றதுக்கே போகுதுன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து), ஏதாவது வாங்கணும்னு தோணினா ஒரு வாரம் பொறுத்துட்டு அப்பவும் தோணினாத்தான் வாங்குவேன். இப்படிப்பட்டவனுக்கு ஒரே மாசத்துல கடன் வாங்குற நிலைமை எப்படி வந்துச்சுன்றதுதான் இந்தப் பதிவு.

பிரிட்ஜ் கதையிலேர்ந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அதுலதான் என் புத்திசாலித்தனம் முழுசா தெரியும். கதவைச் சுத்தி இருக்குற ரப்பர் லூசாயிடுச்சு, கதவு ஒழுங்கா ஒட்டாது. ஒரு பேப்பரை கதவிடுக்குல வச்சு மூடி இழுத்துப் பாருங்க, இறுக்கமா பிடிச்சா ரப்பர் நல்லா இருக்கு, சும்மா வழுக்கிட்டு வந்தா போச்சு. எங்க வீட்டுல பேப்பர் தானாவே கீழ விழும். ரப்பர் மாத்துறதுக்கு ஆகுற செலவு ரொம்ப சின்னது, ஆனா "ஓடிட்டுத்தானே இருக்கு" ன்னு நான் கதவுக்கு முன்னாடி ஒரு ஸ்டூலை முட்டுக் கொடுத்து வச்சேன். ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் வெளிக்காத்து உள்ள போய்ட்டே இருந்ததால கம்ப்ரெசர் நிக்காம ஓடியிருக்கு, பின்னாடி காயில்ல விரல்கடை அளவுக்கு தூசி வேற, ராத்திரில அந்த ர்ர்ர்ர் சத்தம் கேட்டுக் கேட்டு எங்களுக்கு பழகியே போச்சு. ஒருநாள் விடிகாலைல சத்தம் கேக்காததாலதான் நான் முழிச்சேன்.

மெக்கானிக் வந்து பார்த்துட்டு, "சார், இந்த கம்ப்ரெசருக்கு பத்து வருஷ வாரண்டி உண்டு, பில் இருக்கா?" ன்னு கேட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! நான் யாரு, நோட்டு எழுதுற ஆளாச்சே, பைலைத் திறந்தேன், பிளாஸ்டிக் உறைக்குள்ள பில் பத்திரமா இருந்துச்சு. ஆனா அதுல ஒரு எழுத்து கூட இல்ல. கடைகள்ல மெஷின்ல அடிச்சுத் தர்ற அந்த வழவழ பேப்பர்ல மை கிடையாது, சூட்டுல கறுக்குற பூச்சுதான், வெயில் புழுக்கம் பிளாஸ்டிக் உறை எல்லாம் சேர்ந்து நாளாக ஆக எழுத்து மறைஞ்சிடும். எட்டு வருஷமா ஒரு வெள்ளைப் பேப்பரை பொக்கிஷம் மாதிரி காப்பாத்தியிருக்கேன். கம்பெனிக்கு போன் பண்ணி சீரியல் நம்பர்லாம் சொல்லிப் பார்த்தேன், வாங்கின தேதிக்கு ஆதாரம் கேட்டாங்க, ரெண்டு நாள் அலைஞ்சுட்டு விட்டுட்டேன். (பில் வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து வச்சுக்கங்க, இந்தப் பதிவுல வேற எதையும் படிக்கலன்னாலும் பரவால்ல.)

கம்ப்ரெசரும் கேஸும் கூலியும் சேர்த்தா புது பிரிட்ஜ் விலையில பாதிக்கு மேல வந்துச்சு. பொருளோட ஆயுசுல பாதி தாண்டி, ரிப்பேர் செலவும் புது விலையில பாதியைத் தாண்டினா ரிப்பேர் பண்ணாதன்னு ஒரு பேச்சு உண்டு, அதும்படி புதுசே வாங்கினோம், கிரெடிட் கார்டுல. மனைவி ஒண்ணும் சொல்லல. ஸ்டூலை எடுத்துட்டுப் போய் பழைய இடத்துல போட்டுட்டு, "ஏங்க, அந்த ரப்பர் எவ்வளவு சொன்னாங்க அப்போ?" ன்னு மட்டும் கேட்டா. திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேன்.

அடுத்து கீசர். ஒன்பது நாள் கழிச்சு பாத்ரூம் சுவர்ல ஈரம், பார்த்தா டேங்க் அடியிலேர்ந்து ஒழுகுது. கழட்டின ஆள் உள்ளேர்ந்து ஒரு கம்பியை எடுத்துக் காட்டினார், துரு பிடிச்ச குச்சி மாதிரி இருந்துச்சு. "இது விரல் தடிமன்ல இருந்திருக்கணும் சார்" னார். அதுக்கு ஆனோடு ராடுன்னு பேராம். மெக்னீசியம் கம்பி. இரும்பு டேங்குக்குள்ள தண்ணியோட அரிப்பை எல்லாம் இந்தக் கம்பி தான் வாங்கிக்கும், அது தேயறவரைக்கும் டேங்குக்கு ஒண்ணும் ஆகாது, அது தேய்ஞ்சு முடிஞ்சதும் அடுத்தது டேங்க்தான். உப்புத் தண்ணின்னா இன்னும் சீக்கிரம் தேயும். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை திறந்து பார்த்து மாத்தினா டேங்க் பாட்டுக்கு இருக்கும். நான் ஏழு வருஷமா சர்வீஸ்காரங்க போன் பண்ணும்போதெல்லாம் "நல்லாத்தான் இருக்கு, வேண்டாம்" னு சொல்லி மிச்சம் பிடிச்சிருக்கேன். அந்த மிச்சத்தையெல்லாம் சேர்த்தா கூட புது கீசர்ல கால்வாசி வராது.

பல்லைப் பத்தி நீட்டி முழக்க விரும்பல. அதுக்கு ஆறு மாசம் முன்னாடி சின்ன ஓட்டை, அடைச்சுடலாம்னு டாக்டர் சொன்னாங்க, வலிக்கவே இல்லையேன்னு வந்துட்டேன். வலிச்சப்போ ஓட்டை நரம்பு வரைக்கும் போயிருந்துச்சு. ரூட் கேனால், மேல கேப். அடைக்கிறதுக்கு ஆகியிருக்குற செலவை இதோட ஒப்பிட்டு நோட்டுல எழுதப் போனேன், எழுதாம மூடி வச்சுட்டேன்.

மூணுக்கும் ஒரே கதைதான்னு எனக்குப் புரிஞ்சது பல் டாக்டர் ரூம் வாசல்ல உக்காந்திருந்தப்போதான். என் நோட்டுல பாக்கெட்டை விட்டு வெளிய போற காசு மட்டும்தான் வரும். வீட்டுக்குள்ள சத்தமில்லாம தேய்ஞ்சுட்டு இருக்குற எதுவும் வராது. ஸ்டூலை முட்டுக் கொடுத்த அந்த மாசம் நோட்டுல "மிச்சம்" னு காட்டுச்சு, நானும் சந்தோஷப்பட்டேன். அது மிச்சமே இல்ல, பிரிட்ஜ்கிட்ட வாங்கின கைமாத்து.

கார்டு விஷயமும் சொல்லணும், ஏன்னா இங்க நிறைய பேர் மாட்டியிருப்பீங்க. முதல் ரெண்டு மாசம் மினிமம், அதாவது கட்டியே ஆகணும்னு பில்லுல போடுற குறைஞ்சபட்சத் தொகை, அதை மட்டும் கட்டினேன். என் கார்டுல வட்டி மாசத்துக்கு 3 சதவீதம், பார்க்க சின்னதா இருக்கும், வட்டிக்கு வட்டின்னு வருஷத்துக்குப் போட்டா 36 கூட இல்ல, 42 சதவீதத்தைத் தாண்டும். மினிமம் பாக்கியில 5 சதவீதம். 100 கடன்னு வச்சுக்கங்க, புதுசா எதுவும் வாங்காம மாசாமாசம் மினிமம் மட்டும் கட்டிட்டு வந்தா, ஒரு வருஷத்துல 55 கட்டியிருப்பீங்க, ஆனா கடன் 23தான் குறைஞ்சிருக்கும், மிச்சம் 32 வட்டிக்குப் போயிருக்கும். கடன் பாதியாக 32 மாசம் ஆகும். இதை பேப்பர்ல போட்டுப் பார்த்த அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, மறுநாள் மச்சினனுக்கு போன் பண்ணினேன். அவனுக்கு என்னை விட எட்டு வயசு கம்மி, நான் அவனுக்கு எத்தனை தடவை சிக்கனத்தைப் பத்தி கிளாஸ் எடுத்திருப்பேன்! சுத்தி வளைச்சுப் பேசிட்டே இருந்தேன், அவனே, "மாமா, எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, மீட்டிங்குக்கு டைம் ஆச்சு" ன்னான். கார்டை ஒரே அடியா அடைச்சேன், அவனுக்கு பதினோரு மாசத்துல திருப்பிக் கொடுத்தேன்.

இதுக்கப்புறம்தான் ரெண்டாவது நோட்டு போட்டேன். அதுல செலவு கிடையாது, வீட்டுல இருக்குற ஒவ்வொரு பொருளும் ஒரு வரி. எப்போ வாங்கினது, சராசரியா எத்தனை வருஷம் தாங்கும், இன்னைக்கு புதுசு என்ன விலை, கடைசியா எப்போ சர்வீஸ். முதல் நாள் பாதிக்கு மேல எனக்கு பதிலே தெரியல. மோட்டார் எந்த வருஷம்? தெரியாது. மிக்சி? கல்யாணத்துக்கு வந்தது, இல்ல அது பழசு, இது அடுத்ததுன்னு எனக்கும் மனைவிக்கும் அரைமணி நேரம் வாக்குவாதம். ஒருவழியா எழுதி முடிச்சு, ஒவ்வொண்ணோட விலையையும் அதுக்கு மிச்சம் இருக்குற மாசத்தால வகுத்தேன். பத்து வருஷம் தாங்குற பொருள்னா வாங்கின நாள்லேர்ந்து மாசத்துக்கு விலையில 120ல ஒரு பங்கு, ஒண்ணுமே இல்ல. ஆனா நான் ஆரம்பிச்சது எல்லாத்துக்கும் வயசான பிறகு, அதனால வாஷிங் மெஷினுக்கெல்லாம் 18 மாசம்தான் மிச்சம்னு வந்துச்சு. எல்லாம் கூட்டினா சம்பளத்துல 9 சதவீதம். அப்படியே நோட்டைத் தூக்கிப் போட்டுடலாமான்னு இருந்துச்சு.

ஆறு மாசச் செலவை கையில வச்சிருக்கணும்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, அது தப்பில்ல, வேலை போற மாதிரி பெரிய அடிக்கு அது வேணும். ஆனா கடன்ல நிக்குறவன்கிட்ட அந்த நம்பரைச் சொன்னா அவன் ஆரம்பிக்கவே மாட்டான், நான் ஆரம்பிக்கல. நான் வச்ச முதல் இலக்கு வாஷிங் மெஷின் ஒண்ணே ஒண்ணு. காசு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, மச்சினனுக்குக் கொடுத்துட்டு இருந்த தொகையை கடன் முடிஞ்சதும் நிறுத்தல, சம்பளம் வர்ற அன்னைக்கே அதே தொகை தனி அக்கவுண்டுக்குப் போற மாதிரி வச்சுட்டேன். பதினோரு மாசம் அந்தக் காசு இல்லாமத்தானே வாழ்ந்தோம், அதனால புதுசா வலிக்கல. அந்த அக்கவுண்டுக்கு கார்டு வாங்கல, போன்லயும் அதைக் காட்டாத மாதிரி வச்சிருக்கேன். சொந்த வீடா இருந்தா வருஷத்துக்கு வீட்டு மதிப்புல 1 சதவீதம் பராமரிப்புக்குன்னு ஒரு கணக்கு சொல்வாங்க, அதுல நிலத்தோட மதிப்பைக் கழிச்சுட்டுப் போடுங்க, நிலம் ஒழுகாது.

சின்ன ரிப்பேரை இப்போ தள்ளிப் போடுறதில்ல. சமையலறைக் குழாய் சொட்டுச்சு, முன்னாடின்னா ஒரு துணியைக் கட்டி விட்டிருப்பேன், இந்தத் தடவை ராத்திரி பத்து மணிக்கு அடியில வாளியை வச்சு காலைல ஆறு மணிக்கு அளந்தேன், 7 லிட்டர். நாளைக்கு 21, வருஷத்துக்கு ஏழாயிரத்து ஐநூறு லிட்டருக்கு மேல. உள்ள இருக்குற வாஷர் என் கட்டைவிரல் நகம் அளவுதான், பத்து நிமிஷ வேலை. பேன் மெதுவா சுத்துறப்போவும் அப்படித்தான், மோட்டாரே போச்சுன்னு நினைச்சேன், பெரும்பாலும் மோட்டாரோட சேர்ந்து இருக்குற கெப்பாசிட்டர்ன்ற சின்ன பார்ட்தான் வீக் ஆயிருக்குமாம், அதை மட்டும் மாத்தினதும் பழைய வேகம் வந்துடுச்சு. ஆனா கரண்ட் வேலைல நானா கை வைக்கிறதில்ல, சுவிட்சை அணைச்ச பிறகும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், அங்க மிச்சம் பிடிக்கப் போய் ஆஸ்பத்திரில செலவழிக்க வேண்டாம்.

இன்னொண்ணு, எது உடைஞ்சாலும் முதல்ல சேதம் பரவாம நிறுத்தணும், காசைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம். கீசர் ஒழுகின அன்னைக்கு மெயின் வால்வு எங்க இருக்குன்னு தேடவே கால்மணி நேரம் ஆச்சு, அதுக்குள்ள கீழ இருந்த அலமாரி வீங்கிடுச்சு, அது தனிச் செலவு. இப்போ வீட்டுல எல்லாருக்கும் வால்வும், கரண்டை அணைக்கிற எம்சிபி பெட்டியும் எங்க இருக்குன்னு தெரியும், பொண்ணுக்குக் கூட. அவசரமில்லாத ரிப்பேர்னா ரெண்டு நாள் விட்டு இன்னொரு ஆளையும் கேக்குறேன், மாத்தின பழைய பார்ட்டைக் கையில கொடுக்கச் சொல்றேன். முதல்ல கேக்கக் கூச்சமா இருந்துச்சு, கம்பியைக் காட்டினாரே அந்த கீசர்காரர், அவரை நினைச்சுக்கிட்டு கேட்டுடுவேன்.

வாஷிங் மெஷின் 18 மாசம்னு எழுதினதுல 14வது மாசம் கடகடன்னு சத்தம் போட ஆரம்பிச்சுது. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது, அக்கவுண்டைப் பார்த்தேன், கொஞ்சம்தான் குறையுது, சரி வரட்டும்னு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் மெஷினோட முன்பக்கம் அடியில ஒரு மூடியைத் திறந்து பில்டரைக் கழட்டினார், மூணு நாணயமும் ஒரு ஹேர்பின்னும் விழுந்துச்சு. சத்தம் நின்னுடுச்சு. அந்த மூடி அங்க இருக்கறதே எனக்குத் தெரியாது, இப்போ நோட்டுல "மாசம் ஒருதடவை பில்டர்" னு ஒரு வரி சேர்ந்திருக்கு, நாணயத்தை பொண்ணு எடுத்துக்கிட்டா.

நேத்து அந்த வரியை எழுத நோட்டைத் திறந்தப்போ கடைசிப் பக்கத்துல என் மனைவி கையெழுத்துல ஒரு புது வரி இருந்துச்சு. பொருள்: உங்க பல்லு. வாங்கின வருஷம்ன்ற இடத்துல என் பிறந்த வருஷம். புது விலைக்கு நேரா ஒரு கேள்விக்குறி. கடைசியா சர்வீஸ்ன்ற இடத்தை காலியா விட்டு, பக்கத்துல அடுத்த வெள்ளிக்கிழமை தேதியையும் காலை 10.30ன்னும் போட்டிருந்தா, அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சாம்.