நர்சிங் அசோசியேட் பயிற்சி: படிப்பைவிட என்னைப் படுத்தியது கையெழுத்து வாங்குவதுதான்

ஒரு வழியாக என்.எம்.சி. (பிரிட்டனில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) பதிவெண் கைக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தில் ஹெச்.சி.ஏ.வாக (நர்ஸ்களுக்கு உதவியாளர்) வேலை பார்த்துக்கொண்டே, அதற்கும் நர்ஸுக்கும் நடுப்படியான நர்சிங் அசோசியேட் பயிற்சியில் ட்ரெய்னியாகச் சேரலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நல்ல விஷயங்களை எல்லாம் காலேஜ்காரர்களே சொல்லிவிடுவார்கள், அதனால் நான் மற்றதைச் சொல்கிறேன்.

சேருவதில் பெரிய சிக்கல் இல்லை. ஆங்கிலத்திலும் கணக்கிலும் ஜி.சி.எஸ்.இ. (அங்கே பள்ளி இறுதியில் எழுதும் தேர்வு) கிரேடு 4 அல்லது அதற்கு இணையான ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் லெவல் 2 தேர்வு கேட்பார்கள். ஊரில் வாங்கிய பிளஸ் டூ மார்க்‌ஷீட்டை இணையாக ஏற்றுக்கொள்வார்களா என்று மெயில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதைவிட, பேசாமல் லெவல் 2 எழுதிவிடுங்கள். ஆங்கிலத்தில் பேச்சுக்கென்று தனியாக ஒரு தேர்வு உண்டு, அதை மறந்துவிடாதீர்கள். இன்டர்வியூ சுலபம்.

சேர்ந்த பிறகுதான் கதையே. படிப்புக்குக் குறைந்தது 2,300 மணி நேரக் கணக்கு, அதில் பாதி வேலைக்களத்தில். அப்ரென்டிஸாகச் சேர்ந்தால் சொந்த வார்டிலேயே பெரும்பகுதி போகும், அதற்குள் ‘பாதுகாக்கப்பட்ட கற்றல் நேரம்’ என்று ஒன்று ஒதுக்கியிருப்பார்கள். ஒதுக்கியிருப்பார்கள், அவ்வளவுதான். ஆள் பற்றாக்குறையான ஒரு காலை ஷிப்டில், இன்று மருந்து கொடுக்கும் சுற்றில் சூப்பர்வைசரோடு நிற்கப் போகிறேன் என்று நீங்கள் சொன்னால், “சரி சரி, முதலில் அந்த நாலு பெட்டையும் முடித்துவிட்டு வாருங்கள்” என்பார்கள். முடித்துவிட்டு வருவதற்குள் மருந்துச் சுற்று முடிந்திருக்கும். யூனிஃபார்ம் மாறினாலும் வார்டின் கண்ணுக்கு நீங்கள் பழைய ஹெச்.சி.ஏ.தான். நான் கண்ட ஒரே வழி, ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை மணி நேரம் உண்மையில் கற்றலுக்குக் கிடைத்தது என்று அன்றே குறித்து, மாதம் ஒருமுறை வார்டு மேனேஜருக்கும் மாணவர் பயிற்சியைக் கவனிக்கும் பிராக்டிஸ் எஜுகேஷன் ஆட்களுக்கும் ஒரே மெயிலில் அனுப்புவது. சண்டை போடவே வேண்டாம், கணக்கை மட்டும் அனுப்புங்கள். பல்கலைக்கழகம் நடுவில் ஒருமுறை அந்தக் கணக்கைக் கேட்டபோது என்னிடம் இருந்தது, வார்டிடம் இல்லை!

வெளி ப்ளேஸ்மென்ட்கள் (வேறு இடங்களில் போய்ச் செய்யும் பயிற்சி) இதைவிட எவ்வளவோ மேல், அங்கே நம்மைப் பழைய வேலைக்கு இழுக்க யாருக்கும் தெரியாது. நான் உருப்படியாகக் கற்றதெல்லாம் அங்கேதான். ஒரு பெரியவருக்கு அப்சர்வேஷன் (நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் மாதிரி அளவுகள்) எடுக்கப் போனேன். சார்ட்டில் சுவாச விகிதக் கட்டத்தில் வரிசையாக 18, 18, 18. வார்டில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும், இந்த 18 பல நேரம் எண்ணி எழுதியது இல்லை, பார்த்து எழுதியது. நாடி பார்ப்பதுபோல் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு (எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும்) முழு ஒரு நிமிடம் மார்பைப் பார்த்து எண்ணினேன். 26. நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று புள்ளி போட்டுப் பார்க்கும் நியூஸ்2 அட்டவணையில் 25-ஐத் தொட்டாலே அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் 3 புள்ளி, அப்படியென்றால் உடனே நர்ஸிடம் சொல்லியாக வேண்டும். சொன்னேன். “இப்போதுதான் பாத்ரூம் போய்விட்டு வந்திருப்பார், அப்புறம் பார்க்கலாம்” என்றார். பெரியவர் எழுந்திருக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும். நர்ஸ் அனுபவசாலி, என்னைவிட மூத்தவர், இரண்டாவது தடவை சொல்ல நாக்கு எழவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டு, “நீங்களும் பக்கத்தில் இருங்கள், இன்னொரு முறை எண்ணிவிடுகிறேன்” என்றேன். வந்தார். அவரும் சேர்ந்து எண்ணினார், அவருக்கும் 26. டாக்டர் வந்தார், நெஞ்சில் தொற்று, ஆன்டிபயாடிக் ஆரம்பித்தார்கள்.

இதைத்தான் படிப்புக்காக, நடந்ததை நாமே அலசிப் பார்க்கும் ரிஃப்ளெக்‌ஷனாக எழுதினேன். ‘வெறும் விவரணை’ என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. எரிச்சலாக இருந்தது, இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேனே! கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988-இல் போட்டுக்கொடுத்த சக்கரத்தில் ஆறு படிகள் உண்டு: நடந்தது, உணர்வு, மதிப்பீடு, அலசல், முடிவு, அடுத்து என்ன செய்வது. நம்மில் பெரும்பாலானோர் முதல் படியிலேயே குடித்தனம் நடத்துவோம். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளில் ‘எனக்கு இப்படித் தோன்றியது’ என்று எழுதியிருந்தால் மார்க் போயிருக்கும், இங்கே அதை எழுதாவிட்டால் மார்க் போகிறது. அந்த ஆறு படி குழப்பினால் டிரிஸ்கல் என்பவரின் மூன்று கேள்விகள் போதும்: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன. இரண்டாவது தடவை நான் பெரியவரைப் பற்றி நாலு வரியோடு நிறுத்திக்கொண்டேன். மூத்தவரிடம் மறுபடி சொல்ல ஏன் தயங்கினேன், பெரியவர்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கூடாது என்று வளர்ந்த வளர்ப்பு அதில் எவ்வளவு, நோயாளிக்கு ஆபத்து என்று தெரிந்தால் தாமதிக்காமல் சொல்ல வேண்டும் என்கிற என்.எம்.சி. நெறிமுறையின் 16-ஆம் பகுதி அந்த நிமிடத்தில் என்னிடம் என்ன கேட்டது, இதையெல்லாம் எழுதினேன். பாஸ்.

அதற்குள் இன்னொரு தலைவலி. வரைவைப் படித்த சூப்பர்வைசர், “அந்த 18 விஷயத்தையும் எழுத வேண்டுமா?” என்றார். அதை நான் நீக்கவில்லை. யாரையும் சுட்டாமல், வேலை நெருக்கும் வார்டில் ஒரு நிமிடம் நின்று எண்ண யாருக்கும் நேரமில்லை என்கிற அளவில் எழுதினேன். பெயர், வார்டு, ஆஸ்பத்திரி, படுக்கை எண் எதுவும் வரக்கூடாது, வந்தால் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் ஃபெயில் போடுவார்கள். எழுதினால் நாளைக்கு நமக்கே வினையாகுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: என்.எம்.சி.யும் மற்ற சுகாதாரத் துறைக் கண்காணிப்பு அமைப்புகளும் சேர்ந்து 2019-இல் ஓர் அறிக்கை விட்டன, புகார் விசாரணைக்காக உங்கள் சொந்த ரிஃப்ளெக்‌ஷன் குறிப்புகளைக் கேட்க மாட்டோம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். எப்படியும் இந்தப் பழக்கம் வேண்டும், பதிவைப் புதுப்பிக்க மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஐந்து ரிஃப்ளெக்‌ஷன் எழுதி, பதிவுபெற்ற இன்னொருவரோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

இப்போது கையெழுத்து. தினசரி வேலையைப் பார்த்துக் குறிப்பு போட பிசியோதெரபிஸ்ட்கூட சூப்பர்வைசராக இருக்கலாம், பதிவுபெற்ற யார் வேண்டுமானாலும் சரி. ஆனால் ப்ளேஸ்மென்ட்டை முடித்துத் தர பிராக்டிஸ் அசெசர் வேண்டும், அவர் நர்ஸாகவோ நர்சிங் அசோசியேட்டாகவோ இருக்க வேண்டும், சூப்பர்வைசரே அந்த வேலையையும் பார்க்க முடியாது. எனக்கு வாய்த்த அசெசர் தங்கமான மனுஷி, நடுக்கட்ட நேர்காணல் வரை எல்லாம் ஒழுங்கு. கடைசி நேர்காணலுக்கு முன்பு லீவு, லீவிலிருந்து அப்படியே வேறு ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டார், அவருடைய லாகின் மூடப்பட்டுவிட்டது. மதிப்பீட்டைப் பதிவு செய்யும் ஆன்லைன் டாக்குமென்ட்டில் என் பக்கம் ‘முடியவில்லை’ என்று சிவப்பில் நிற்கிறது. வார்டில் கேட்டால் பல்கலைக்கழகத்தைக் கேள் என்றார்கள், பல்கலைக்கழகத்தில் கேட்டால் அது வார்டின் பொறுப்பு என்றார்கள். லீவு நாளில் பஸ் பிடித்துப் போய் நின்றால், மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார்.

கடைசியில் காப்பாற்றியவர் பிராக்டிஸ் எஜுகேஷன் ஃபெசிலிடேட்டர். வார்டின் ஆளும் இல்லை, பல்கலைக்கழகத்தின் ஆளும் இல்லை, இரண்டு பக்கமும் பேசக்கூடியவர். அவருக்கு முதலிலேயே எழுதியிருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் நான் உங்களுக்குச் சொல்கிறேன். புது அசெசரை நியமித்தார். புதியவர் என்னைப் பார்த்ததே இல்லை, எதை வைத்துக் கையெழுத்துப் போடுவது என்று நியாயமாகவே கேட்டார். அங்கேதான் சூப்பர்வைசர்கள் அந்தந்த நாளே போட்ட குறிப்புகள் கைகொடுத்தன. ஷிப்ட் முடியும்போது போனை நீட்டி “இன்று பார்த்ததை இரண்டு வரி எழுதுங்கள்” என்று வெட்கமில்லாமல் கேட்டு வாங்கியவை. அதையெல்லாம் படித்துவிட்டு, ஒரு ஷிப்ட் முழுக்கக் கூடவே நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாளைக்கு எழுதித் தருகிறேன் என்கிறவரை நம்பாதீர்கள், நாளைக்கு அவருக்கு வேறு வார்டில் ஷிப்ட் இருக்கும்.

படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகம் உங்கள் பெயரை என்.எம்.சி.க்கு அனுப்பும், ஆனால் விண்ணப்பமும் கட்டணமும் உங்கள் வேலை. பதிவெண் வந்தவுடன் எச்.ஆர்.க்கு நீங்களே எழுதிவிடுங்கள். சம்பளப் படியில் பேண்ட் 3 தானாக பேண்ட் 4 ஆகிவிடாது, எனக்குப் பழைய சம்பளமே வந்தது, பாக்கியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.