போலீஸ் நிறுத்தச் சொல்லும்போது வண்டியை நிறுத்தாமல் ஓட்டினால்: கலிஃபோர்னியா சட்டம்

கலிஃபோர்னியாவில் போலீஸிடமிருந்து தப்பிக்கும் நோக்கத்தோடு வண்டியை ஓட்டுவதே குற்றம். வேறு தவறு எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. வாகனச் சட்டம் 2800.1 பிரிவின்படி ஓராண்டு வரை கவுண்டி (மாவட்ட) சிறை. ஆனால் அரசுத் தரப்பு நான்கையும் நிரூபிக்க வேண்டும்: போலீஸ் காரின் முன்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது, தேவையான அளவு சைரன் ஒலித்தது, போலீஸ் வண்டி என்று தெரியும் அடையாளம் இருந்தது, அதிகாரி சீருடையில் இருந்தார். ஒன்று இல்லாவிட்டாலும் இந்த வழக்கு நிற்காது. அடையாளமே இல்லாத காரில் வந்து துரத்திய வழக்குகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பலர் மாட்டிக்கொள்வது 2800.2-இல். பிறர் உயிரையோ உடைமையையோ மதிக்காமல் ஓட்டினால் இந்தப் பிரிவு. தப்பி ஓடும்போது ஓட்டுநர் பதிவில் பாயின்ட் விழும் மூன்று விதிமீறல்களோ சொத்துச் சேதமோ இருந்தாலே அப்படி ஓட்டியதாகக் கருதப் போதும். சிவப்பு சிக்னல், ஸ்டாப் பலகை, வேகம். ஒரே நிமிடத்தில் மூன்றும் சேர்ந்துவிடும்! தண்டனை மூன்றாண்டு வரை போகலாம்.

யாருக்காவது பலத்த காயம் என்றால் 2800.3 பிரிவு: மாநிலச் சிறை என்றால் 3, 5 அல்லது 7 ஆண்டு. உயிர் போனால் 4, 6 அல்லது 10.

இருட்டான சாலையில் நிறுத்தப் பயமா? வேகத்தைக் குறைத்து, ஹசார்டு விளக்கைப் போட்டு, அருகில் வெளிச்சமுள்ள இடத்தில் ஒதுங்குங்கள். தப்பிக்கும் எண்ணம் இல்லை என்று காட்ட அது உதவலாம்.