பழைய பழுதுப் பதிவுகளைக் கொண்டு எஃப்.எம்.இ.ஏ. தாளை நிரப்பிய அனுபவம்

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளில் காற்றாலைகளைப் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். மே முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியாகக் காற்று பலமாக வீசும் மாதங்களில் ஓர் இயந்திரம் நின்றாலும் இழப்பு பெரிது என்பதால், அதற்கு முன்பே ஒவ்வொரு வகை இயந்திரத்துக்கும் எஃப்.எம்.இ.ஏ. (பழுது வகை, விளைவு பகுப்பாய்வு) தாளை முடித்துவிடுவது எங்கள் வழக்கம். எந்தப் பாகம் எப்படிப் பழுதாகும், அதன் விளைவு என்ன, காரணம் என்ன என்று வரிவரியாக எழுதி, விளைவின் கடுமை, நிகழும் வாய்ப்பு, முன்கூட்டியே கண்டறிவதில் உள்ள சிரமம் ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டுப் பெருக்குவது இந்த முறை. கியர்பாக்ஸ் பேரிங்குக்கு எழுதிய அதே வாசகங்களை வகைக்கு வகை மீண்டும் தட்டச்சு செய்வதிலேயே நேரம் கரைந்தது. ஆகவே பழைய தாள்களையும் பழுதுப் பதிவேடுகளையும் ஒரே தொகுப்பாக்கி, பாகத்தின் பெயரை இட்டதும் வரிகள் தாமாக வந்து நிரம்பும்படி செய்யத் தீர்மானித்தோம்.

எக்செலில் தேடி எடுத்துத் தரும் வி-லுக்கப் சூத்திரம் முதல் பொருத்தத்தோடு நின்றுவிடும். ஆனால் ஒரு பாகத்துக்குப் பழுது ஒன்றல்ல. காற்றின் திசைக்கேற்பத் திரும்பும் தலைப்பகுதியைப் பிடித்து நிறுத்தும் யா பிரேக்கின் பேடு தேயலாம், மேலே யா பேரிங்கிலிருந்து வழியும் கிரீஸ் வட்டில் படிந்து வழுக்கலாம், ஹைட்ராலிக் அழுத்தம் குறைந்து பிடிக்காமலும் போகலாம். மூன்று வரிகளும் வந்தாக வேண்டும் என்பதால் எக்செலில் அட்டவணைகளை இணைக்க உதவும் பவர் குவெரியில், புதிய தாளின் பாகப் பட்டியலையும் தொகுப்பையும் இணைத்தோம்.

அதன் பிறகே உண்மையான சிக்கல் தெரிந்தது. பதிவேட்டில் பல இடங்களில் 'பிரேக்' என்று மட்டுமே எழுதப்பட்டிருந்தது. பழைய இயந்திரங்களில் இறக்கை நுனியில் இருக்கும் டிப் பிரேக், கியர்பாக்ஸை ஒட்டிய டிஸ்க் பிரேக், யா பிரேக் ஆகிய மூன்றும் அந்த ஒரே சொல்லில் அடங்கியதால், ஒன்றின் பழுது மற்றொன்றின் வரியில் வந்து அமர்ந்தது. சொல்லின் கடைசியில் ஒட்டியிருந்த ஒரு வெற்றிடம்கூடப் பொருத்தத்தைக் கெடுத்தது. பாகத்துக்கு ஒரு குறியீடு, அதன் பணிக்கு ஒரு குறியீடு என வகுத்து, இரண்டும் ஒத்தால்தான் வரி வரும் என்று மாற்றினோம். குறியீடு இடும் வேலை சலிப்பூட்டக்கூடியது; ஆனால் முழுத் திட்டமும் அதன்மேல்தான் நிற்கிறது.

மதிப்பெண்களையும் தொகுப்பிலிருந்தே எடுக்கலாமா என்பது குறித்து நீண்ட விவாதம் நடந்தது. கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அதிர்வு உணரி பொருத்திய இயந்திரத்தில் பேரிங் பழுதுக்கு 8, 3, 4 என்று இட்டால் பெருக்கம் 96 ஆகும். உணரியே இல்லாமல், சத்தத்தையும் எண்ணெய் மாதிரியையும் நம்பியிருக்கும் பழைய இயந்திரத்தில், பழுதும் அடிக்கடி வருமானால், அதே வரி 8, 6, 8 ஆகி 384-ஐத் தொடும். முதல் இயந்திரத்தின் மதிப்பெண்களை அப்படியே கொண்டுவந்தால், உடனே கவனிக்க வேண்டிய பழுது பட்டியலின் அடியில் போய் மறைந்துவிடும். எனவே பழுது, விளைவு, காரணம் ஆகிய வாசகங்கள் மட்டும் தாமாக நிரம்புகின்றன. கடுமைக்கான எண் பரிந்துரையாக வருகிறது. மற்ற இரண்டு கட்டங்களும் காலியாகவே நிற்கின்றன.

பொருத்தம் கிடைக்காத வரிகள் மஞ்சள் நிறத்தில் தெரியும். காற்றுப் பருவம் முடிந்து பராமரிப்பு தொடங்கும்போது, டவர் ஏறி இறங்கும் மூத்த டெக்னீசியன்களோடு உட்கார்ந்து அவற்றை நிரப்புகிறோம். அவர்கள் ஒப்புக்கொண்ட வரி மட்டுமே, எந்த வகை இயந்திரத்தில், எந்த மாதத்தில் கண்டது என்ற குறிப்புடன் தொகுப்பில் சேர்க்கப்படுகிறது.