"பிறமொழிக் கலப்பு: விவாதிக்க" என்ற கேள்வியில் நான் 5 வாங்கியதும் 12 வாங்கியதும்

எம்.ஏ. தமிழ் முதலாம் ஆண்டு, உள்தேர்வு. "தமிழில் பிறமொழிக் கலப்பு: விவாதிக்க", 15 மதிப்பெண். எனக்குப் பிடித்த தலைப்பு என்பதால் மூன்று பக்கம் எழுதினேன். தமிழ் அழிகிறது, ஆங்கிலம் விழுங்குகிறது, நாம் விழித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரே வேகம். கிடைத்தது 5. ஓரத்தில் பேராசிரியர் எழுதியிருந்தது ஒரு வரிதான்: "ஒரு சொல்கூட எடுத்துக்காட்டு இல்லையேம்மா." வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. மூன்று பக்கமும் தமிழைப் பற்றித்தான், ஆனால் ஒரு தமிழ் வாக்கியத்தை எடுத்து வைத்து அதற்குள் என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை.

பருவத் தேர்வில் கிட்டத்தட்ட இதே கேள்விக்கு 12 வாங்கினேன். இடையில் செய்தது ஒன்றுதான். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்ப் படித்தவள் நான், அந்தப் பயணத்தில் காதில் விழுந்ததைச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன்.

கன்னியக்கோயில் தாண்டும்போது பின் இருக்கையில் ஒருவர் போனில், "நான் வெயிட் பண்றேன், நீ கெளம்பி வா" என்றார். மொழிக் கலப்பை எதிர்ப்பவர் கண்ணுக்கு இதில் 'வெயிட்' மட்டும்தான் தெரியும். பிரித்துப் பாருங்கள். 'வெயிட்' பெயர்ச்சொல் மாதிரி அப்படியே நிற்கிறது. காலமும் இடமும் எண்ணும் 'பண்றேன்' மேல்தான் ஏறுகின்றன. பண்ணினேன், பண்ணுவாள், பண்ணாதே என்று வினையின் வேலை முழுவதும் தமிழ் இலக்கணப்படி நடக்கிறது, 'வெயிட்டினேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'தியானம் பண்ணு', 'யோசனை பண்ணு' என்று வடசொற்கள் உள்ளே வந்ததும் இதே வாசல் வழியாகத்தான். ஆக, தமிழின் கட்டமைப்பு உடையவில்லை என்பவர்களுக்கு இது நல்ல சான்று. அதே வாக்கியம் எதிர்த்தரப்புக்கும் சான்று தருகிறது. 'காத்திரு' என்று ஒரு வினை நம்மிடம் இருக்கிறது; 'வெயிட் பண்ணு' என்று பழகிய வாயில் அது வருவது குறைகிறது, அது குறையக் குறைய 'காத்துக் கிடந்தேன்', 'காக்க வைத்துவிட்டான்' என்று அந்தக் குடும்பமே பேச்சிலிருந்து விலகிப்போகலாம். இலக்கணம் முழுசாக இருக்கும்போதே சொல்வளம் சுருங்க முடியும். இரண்டையும் ஒரே எடுத்துக்காட்டிலிருந்து காட்டிவிட்டால் திருத்துபவருக்கு நீங்கள் யோசித்து எழுதுகிறீர்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் வரலாறு. 1916, தனித்தமிழ் இயக்கம், வேதாசலம் மறைமலையடிகள் ஆனார், 'ஞானசாகரம்' இதழ் 'அறிவுக்கடல்' ஆனது. இதை எல்லாரும் எழுதுவார்கள், எழுதிவிட்டு அங்கேயே நின்றுவிடுவார்கள். அந்த இயக்கம் மொழியில் என்ன செய்தது என்பதற்கு வாருங்கள். அபேட்சகர் வேட்பாளர் ஆனார், பிரசங்கம் சொற்பொழிவு ஆனது, நமஸ்காரம் போய் வணக்கம் வந்தது. தனித்தமிழ் இயக்கமும் பிறகு வந்த திராவிட இயக்க மேடைகளும் பத்திரிகைகளும் சேர்ந்து செய்த வேலை இது. ஆனால் சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவை, இன்னும் வீட்டுக்குள் அப்படியே இருக்கின்றன. மேடையிலும் அச்சிலும் புழங்கிய சொற்களை மாற்ற முடிந்தது, வீட்டில் புழங்கியவற்றைத் தொட முடியவில்லை என்று நான் எழுதினேன். அது என் சொந்த ஊகம். ஊகம் என்று சொல்லியே எழுதினேன், அதற்காக மதிப்பெண் குறையவில்லை.

எங்கள் பஸ் வழியிலேயே இன்னொன்று. கடலூர் பக்கம் பெயர்ப்பலகையில் 'ஊராட்சி ஒன்றியம்' என்று இருக்கும், புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்தால் அதுவே 'கொம்யூன் பஞ்சாயத்து'. கொம்யூன் பிரெஞ்சு. அதற்காக யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை, ஆங்கிலச் சொல்லுக்குத்தான் போடுகிறார்கள். ஏன்? 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகு இங்கே பிரெஞ்சுக்கு அதிகாரம் வடிந்துவிட்டது. ஆங்கிலம் இன்றைக்கும் வேலையையும் மதிப்பையும் தீர்மானிக்கிறது. நாம் சொல்லைப் பற்றிச் சண்டை போடும்போது பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் அதிகாரத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். இந்த ஒரு கோணம் விடையில் இருந்தே ஆக வேண்டும் என்பேன், ஏனென்றால் அது இல்லாமல் எழுதினால் இரு தரப்பும் வெறும் பிடிவாதக்காரர்கள் மாதிரித் தெரிவார்கள், அது இருவருக்கும் செய்யும் அநியாயம்.

மேற்கோள் பற்றி ஒரு வேண்டுகோள். "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்ற நன்னூல் வரியோடு தொடங்காதீர்கள், விடைத்தாள் கட்டில் பாதிப் பேர் அப்படித்தான் தொடங்குவார்கள். தொல்காப்பியத்தின் "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே" என்பதை எடுங்கள். வெளியிலிருந்து சொல் வரலாம் என்கிறது, ஆனால் அதன் எழுத்தை விட்டுவிட்டுத் தமிழ் ஒலிக்குள் வரட்டும் என்கிறது. கலப்பை ஏற்பவர் முதல் பாதியைப் பிடிப்பார், மறுப்பவர் இரண்டாம் பாதியை. கிரந்த எழுத்து பற்றிக் கேட்டாலும் இதே நூற்பா கைகொடுக்கும்.

பேச்சுத்தமிழில் எழுதலாமா என்று கேட்டால் இரட்டை வழக்குக்குப் போங்கள், அதாவது ஒரே மொழியில் பேச்சுக்கு ஒரு வடிவம், எழுத்துக்கு ஒரு வடிவம் என்று இருப்பது. இங்கே ஒரு தவறு அடிக்கடி பார்க்கிறேன்: மொழியியலாளர் ஃபெர்குசன் இரட்டை வழக்கு பற்றிய தன் 1959 கட்டுரையில் தமிழை ஆராய்ந்தார் என்று எழுதுகிறார்கள். அவர் விரிவாக எடுத்துக்கொண்டவை அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டி கிரியோல். தமிழுக்கு அந்தக் கருத்தைப் பொருத்துவது உங்கள் வேலை, வீட்டில் 'வந்துச்சு' என்பவர் விண்ணப்பத்தில் 'வந்தது' என்று எழுதுவதைக் காட்டினாலே போதும்.

உங்கள் கருத்தை மறைக்க வேண்டாம். நான் இன்றைக்கும் 'காத்திரு' பக்கம்தான், அதைக் கடைசிப் பத்தியில் நேராகவே எழுதினேன். ஆனால் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை எழுதி முடித்த பிறகு எழுதினேன். 15 மதிப்பெண்ணுக்கு 30 நிமிடம் என்றால் முதல் 5 நிமிடம் பேனாவை விடையில் வைக்காமல், கடைசித் தாளில் நான்கு எடுத்துக்காட்டுகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு கிடைக்கவில்லை என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு 'அல்லது' கேள்விக்குப் போய்விடுங்கள்.