தொடாத தண்ணீர் பாட்டில்

மகளுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். வாய் ஓயாது, கணக்கில் கெட்டி. கால்கள் மட்டும் விறைத்துக்கொள்ளும், வாக்கர் பிடித்துத்தான் நடப்பாள். எனக்குச் சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வேலை. ஊருக்கெல்லாம் கொலுசு செய்கிறவன் மகள் காலில் கிடப்பது, காலை மடங்காமல் பிடித்துவைக்கும் ஸ்பிளிண்ட்.

முதலில் போனது ஒரு தனியார் பள்ளிக்கு. "பாப்பாவோட நல்லதுக்குத்தான் சொல்றோம் சார், ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திட்டியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

அங்கன்வாடி டீச்சர்தான் அரசு தொடக்கப் பள்ளிக்குப் போகச் சொன்னார். மஞ்சப்பை நிறைய ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாம் கொண்டுபோனேன். ஹெச்.எம். பையைப் பார்க்கவே இல்லை. ஆதாரும் பிறப்புச் சான்றிதழும் வாங்கிக்கொண்டு ஒன்றாம் வகுப்பில் எழுதிவிட்டார். ஊனச் சான்றிதழ் கைக்கு வரட்டும் என்று நான் அதுவரை காத்திருந்ததில் ஒரு வருஷம் போனதுதான் மிச்சம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைகள் 6 வயது முதல் 18 வரை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். எது என்பது நம் விருப்பம். இதுவும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

சான்றிதழ், கல்வித் துறையின் வட்டார வள மையம் நடத்திய மருத்துவ முகாமில் கிடைத்தது. டாக்டர் முட்டியை மடக்கிப் பார்த்தார், நாலடி நடக்கச் சொன்னார், 65 சதவீதம் எழுதினார். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்குத்தான் (UDID) இரண்டு நாள் கூலி போனது: ஆதாரில் இனிஷியல் பின்னால், சான்றிதழில் முன்னால். முகாமுக்கு முன்பே இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் 'எண்ணும் எழுத்தும்' பாடத்துக்குப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்காருவார்கள். இவளுக்கு முதுகு நிற்காது. நாற்காலி போட்டார்கள், எல்லார் தலைக்கும் மேலே தனியாகத் தெரிந்தாள். வள மையத்திலிருந்து வந்த சிறப்பாசிரியை பார்த்துவிட்டு, வட்டத்தையே சுவரோரம் நகர்த்தச் சொன்னார். சுவரில் சாய்ந்து இவளும் வட்டத்துக்குள் வந்துவிட்டாள். காசு செலவே இல்லாத வேலை.

நாங்கள் கோட்டைவிட்டது வேறு இடத்தில். முதல் வாரம் முழுக்கத் தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்பினது போலவே திரும்பி வந்தது. ஜூன் வெயில். "ஏன் கண்ணு குடிக்கல?" என்றால், "குடிச்சா ஒண்ணுக்கு வந்துரும்ப்பா" என்றாள்.

போய்ப் பார்த்தேன். வாசலில் சாய்தளம் அருமையாக இருக்கிறது. கழிப்பறைக்கு இரண்டு படி, உள்ளே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, கதவில் வாக்கர் நுழையாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொன்னேன். சில அப்பாக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மாக்கள்தான் "எம் புள்ளையும் அடக்கிக்கிட்டுத்தான் வருது" என்று பிடித்துக்கொண்டார்கள். படியைச் சரிவாக்கி, கதவை அகலப்படுத்தி, உட்காரும் நாற்காலி ஒன்றும் வைத்தோம். கம்பியை நானே வெல்டரைக் கூட்டிவந்து அடித்தேன். அடித்த பிறகு பார்த்தால் அது என் உயரத்துக்கு இருக்கிறது! கழற்றிவிட்டு, அவளை உட்காரவைத்து, கை எட்டுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு மறுபடி அடித்தோம்.

இப்போது பாட்டில் காலியாக வருகிறது. சில நாள் பாட்டிலே வருவதில்லை.