சீவல் தொழிலாளியிடம் நேரம் கேட்பது

பனங்கள் உற்பத்தி பற்றிய கள ஆய்வுக்காகப் இலங்கையின் வடக்கே பளையிலிருந்து முல்லைத்தீவு வரை, கள் விற்கும் தவறணைகளுக்கும் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் போய்வருவது என் வேலை. நேர்காணல் எடுப்பவர்கள் வேறு; யாரிடம், எங்கே, எப்போது என்று பேசி ஒழுங்கு செய்பவள் நான். ஆய்வறிக்கைகளில் இந்த வேலைக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. ஆனாலும் பனையில் ஏறிக் கள் இறக்கும் சீவல் தொழிலாளி மனம் திறந்து பேசுவாரா, கேட்டதற்கு மட்டும் தலையாட்டிவிட்டுப் போவாரா என்பது இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது.

சங்கத்தில் தொடங்குவதுதான் முறை. தொழிலாளி இறக்கும் கள் சங்கத்தின் வழியாகத்தான் தவறணைக்குப் போகிறது. முகாமையாளர்கள் அன்பானவர்கள், "எல்லோரையும் இங்கேயே கூப்பிட்டுத் தருகிறேன், பிள்ளை" என்பார்கள். நன்றி சொல்லி மறுத்துவிடுவேன். கள்ளை அளந்து காசு கொடுக்கும் இடத்தில் இருந்துகொண்டு, அந்தக் காசு போதுமா என்று எவரிடம் கேட்க முடியும்?

பாளையைக் காலையிலும் மாலையிலும் சீவியாக வேண்டும். விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊறல் நின்றுவிடும். பாளையில் கட்டும் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தால், ஊறும் சாறு புளிக்காமல் கருப்பணியாக, இனிப்பாகவே நிற்கும். பூசாத முட்டியில் சொட்டு விழும்போதே, அதைப் புளிக்கவைக்கும் மதுவம் வேலையைத் தொடங்கிவிடும், கள் யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் காலைக் கள் கொடுத்து, சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து எழுந்த பிறகு, மாலை ஏற்றத்துக்கு முன் கிடைக்கும் சிறு இடைவெளிதான் நமக்குரியது. மரம் ஏறக் காலில் மாட்டும் தளைநாரைக் கையில் எடுத்துவிட்டவரை மறிப்பது எனக்குப் பிடிக்காது.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு மூத்த தொழிலாளி எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். சம்மதப் படிவத்தை நீட்டியதும் முகம் மாறியது. "2009இல் போர் முடிந்தபோது முகாமில் எத்தனை தாள்களில் கையெழுத்து வைத்தோம் தெரியுமா, பிள்ளை? எந்தத் தாள் எங்கே போனது என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை" என்றார். பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவுக்குக் கையெழுத்து ஒரு பாதுகாப்பு. வன்னியில் பெயரும் கையெழுத்தும் கேட்டு வந்தவர்களை இந்த மக்கள் வேறு விதமாக அறிந்திருக்கிறார்கள். வாய்மொழிச் சம்மதம் போதும், பெயர் வேண்டாம் என்று குழுவிடம் எழுதிக் கேட்டு அனுமதி பெற்றேன். அது கிடைக்கும் வரை அந்த வீட்டுக்கு நேர்காணல் எடுப்பவர்களை அனுப்பவில்லை.

மீண்டும் போனபோது அவர் மனைவிதான் அதிகம் பேசினார். கள்ளுக்கணக்கு முழுவதும் அவர் நினைவில் இருந்தது. பதுங்குகுழிகளுக்காகத் தறிபட்ட பனைகள் எந்தெந்த வேலியில் நின்றவை என்பதையும் சொன்னார். புதிதாக நட்டவை பாளை விடப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். இவரையும் தனியாக நேர்காண வேண்டும் என்று பட்டியலில் சேர்த்தேன்.

புறப்படும்போது தொழிலாளி ஒரு நிபந்தனை வைத்தார். மரத்தில் ஏறுவதைப் படம் எடுக்கலாம், தன் முகம் தெரியக்கூடாது. மகள் நகரத்தில் படிக்கிறாள். தகப்பனின் தொழிலைக் கொண்டு சாதியைக் கண்டுபிடித்துப் பேசுவார்கள் என்ற அச்சம். தொழிலைப் பற்றி அத்தனை பெருமையோடு பேசிய மனிதர் அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார். நேர்காணல் குழுவுக்கான குறிப்பில் அதைத்தான் முதலில் எழுதினேன்.